மாப்பிள்ளை சொன்ன பூச்சி

"இதுல எது நல்லது, எது கெட்டதுன்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும் மாப்ள."

மாமனார் மாதையன் இரண்டு ஊறுகாய் பாட்டில்களைக் கொண்டுவந்து காபி டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தார். பூவரசன் அப்போதுதான் செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். தலையாடிக்கு மாமனார் வீட்டுக்கு வருகிற புது மாப்பிள்ளையிடம் பயணம் எப்படி, பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததா என்று கேட்பார்கள். பூச்சியைப் பற்றிக் கேட்பார்கள் என்று அவனிடம் யாரும் சொல்லி அனுப்பவில்லை.

ஒரு பாட்டிலில் கருகருவென்று, கட்டைவிரல் மொத்தத்துக்கு ஒரு வண்டு. மூடியே அதிரும்படி அது உறுமிக்கொண்டிருந்தது. இன்னொரு பாட்டிலில் ஒல்லியாக, ஆரஞ்சு நிறத்தில், புகை படிந்தது போன்ற இறக்கைகளோடு ஓர் ஈ. அது யார் வம்புக்கும் போகாமல் கண்ணாடியில் உட்கார்ந்து முன்னங்கால்களைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

தோட்டத்தில் முள்ளங்கி இலையெல்லாம் ஓட்டை ஓட்டையாகிறது என்றார் மாதையன். இலைக்கு அடியில் கறுப்புக் கறுப்பாகப் புழு மேய்கிறது. தோட்டத்தில் அதிகம் சுற்றுவது இந்த இரண்டும்தான். இதில் ஏதோ ஒன்றுதான் அந்தப் புழுவைப் பெற்ற தாயாக இருக்க வேண்டும். அது எது என்று தெரிந்துவிட்டால் ஒரு வழி செய்துவிடலாம்.

மாதையன் வேலைக்காலம் முழுக்க இண்டூர் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எதைப் பேசினாலும் நின்றுகொண்டுதான் பேசுவார், அதுவும் ஒரு கையைத் தூக்கி எதையாவது பிடித்துக்கொண்டு. இப்போது கதவு நிலையைப் பிடித்திருந்தார்.

"ஆபீசர் நீங்க. ஒரு பார்வ பாத்தீங்கன்னா தெரிஞ்சிடும்" என்றார்.

பூவரசன் ஒரு பார்வை பார்த்தான். ஒன்றும் தெரியவில்லை.

தெரியாததற்குக் காரணம் இருந்தது. பூவரசன் ஆபீசரே இல்லை. வேளாண்மை அலுவலகம் ஒன்றில் ஒப்பந்த அடிப்படையில் வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். விவசாயிகளின் பெயரையும் ஆதார் எண்ணையும் தட்டச்சு செய்வான். மிச்ச நேரத்தில் பிரிண்டரில் சிக்கிக்கொண்ட காகிதத்தைக் கிழியாமல் இழுப்பான். இந்த இரண்டாவது வேலையில் அவனுக்கு அலுவலகத்தில் நல்ல பெயர் உண்டு. ஆனால் பெண் பார்க்க வந்த அன்று கல்யாணத் தரகர் காளியப்பன், பெண் வீட்டாரின் தோட்டம் துரவைப் புகழ்ந்து முடித்த கையோடு, மாப்பிள்ளை அக்ரி ஆபீஸில் வேலை பார்க்கிறார் என்று ஆரம்பித்து, பேச்சு வளர வளர அவர் கையெழுத்து இல்லாமல் அங்கே ஒரு மூட்டை விதைகூட வெளியே போகாது என்று கொண்டுபோய் முடித்துவிட்டார். மறுத்துச் சொல்லலாம் என்று பூவரசனும் வாயைத் திறந்தான். வாய் நிறையக் கேசரி இருந்தது. அவன் மென்று விழுங்குவதற்குள் தட்டு மாற்றுகிற பேச்சுக்கு வந்துவிட்டார்கள்.

கல்யாணம் முடிந்த மறுநாளே அவன் சுகுணாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டான். அவள் கோபிக்கவில்லை. கொஞ்ச நேரம் அவனையே பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு நிற்கவே வெகுநேரம் ஆயிற்று.

"அப்பாகிட்ட இப்பத்திக்கு ஒண்ணும் சொல்லாதீங்க. சமயம் பாத்து நானே சொல்லிக்கறேன்" என்றாள்.

சமயம் வருவதற்கு முன்னால் ஆடி வந்துவிட்டது. ஆடியில் புதுப்பெண் தாய்வீட்டில்தான் இருப்பாள். மாதம் முடிந்த பிறகுதான் புருஷன் வீட்டுக்கு அனுப்பிவைப்பார்கள். அதற்குள் விஷயம் வெளியே வந்தால் அனுப்பிவைப்பார்களா என்பதுதான் பூவரசனை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்த கவலை. அவனுக்குச் சுகுணாவை ரொம்பவே பிடித்துப்போயிருந்தது. அவன் செய்த உப்புமாவை முகம் சுளிக்காமல் சாப்பிட்ட ஒரே ஜீவன் அவள்தான்.

போதாததற்கு அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. தலையாடிக்கு வந்திருக்கிற மாப்பிள்ளை சொல்லுக்கு மறுபேச்சே கிடையாது. அவன் காற்றாடியைச் சும்மா அண்ணாந்து பார்த்தால்கூட யாராவது ஓடிப்போய் அதன் வேகத்தைக் கூட்டினார்கள். மாமியார் தீர்த்தம்மாள் மாப்பிள்ளையோடு நேருக்கு நேர் பேசமாட்டார். கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு மகளிடம் சொல்வார். அவன் ரசத்தில் காரம் கொஞ்சம் தூக்கல் என்று ஒரு பேச்சுக்குச் சொல்லப்போக, அந்தச் சட்டி ரசம் அப்படியே மாட்டுத் தொட்டிக்குப் போய்விட்டது.

"தோட்டத்த நேர்ல பாத்தாத்தான் சொல்ல முடியும் மாமா" என்று பூவரசன் நேரத்தைக் கடத்தப் பார்த்தான்.

மாதையன் உடனே சட்டையை மாட்டிக்கொண்டார்.

தோட்டத்துக்குப் போகிற வழியில் மாதையன் இரண்டு இடத்தில் வரப்பு மாறி, வேறு யாருடைய ராகிக் காட்டுக்குள்ளோ போய்த் திரும்பினார். தோட்டத்துக்குள் நுழைந்ததும் அங்கே படுத்திருந்த நாய் எழுந்து, பூவரசனை விட்டுவிட்டு மாதையனைப் பார்த்துக் குரைத்தது. ஓய்வு பெற்றவருக்குக் கண்ணும் மங்கியிருக்கும், நாய்க்கும் வயதாகியிருக்கும் என்று பூவரசன் எடுத்துக்கொண்டான்.

பம்பு ரூம் பக்கத்திலிருந்து தலைப்பாகை கட்டிய ஒருவர் வந்தார்.

"இவரு பெரியண்ணன். தோட்டத்தப் பாத்துக்கறாருங்க" என்றார் மாதையன்.

பெரியண்ணன் நாயை ஒரு சத்தம் போட்டு அடக்கினார். பூவரசனை மேலும் கீழும் பார்த்துக் கும்பிட்டார். "முள்ளங்கிய எப்பிடியாச்சும் காப்பாத்திக் குடுத்துடுங்க சார்" என்று சொல்லும்போது அவர் குரல் கம்மியது. தோட்டத்து ஆளுக்கு இத்தனை அக்கறையா என்று பூவரசனுக்கு மனசு நெகிழ்ந்துபோயிற்று.

முள்ளங்கி நன்றாகத்தான் வந்திருந்தது. அங்கங்கே இலைகளில் ஓட்டை. அடியில் கறுப்பாக, சுருக்கம் விழுந்த தோலோடு புழுக்கள். ஆரஞ்சு ஈக்கள் செடிக்கு மேலே தாழப் பறந்துகொண்டிருந்தன. வேலியில் படர்ந்திருந்த பரங்கிப் பூக்களுக்குள் கறுப்பு வண்டுகள் தலையை விட்டு உறுமிக்கொண்டிருந்தன.

பூவரசனுக்கு அப்போது ஒரு துண்டறிக்கை ஞாபகம் வந்தது. நன்மை செய்யும் பூச்சிகள், தீமை செய்யும் பூச்சிகள் என்று அலுவலகத்தில் அடித்த அறிக்கை. எழுத்து முழுவதும் அவன் தட்டியது. படங்களை வேறு யாரோ ஒட்டினார்கள். அந்தப் பக்கம் அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பம்பிள் பீ என்று ஒன்று உண்டு, மஞ்சள் நிறம் கொண்டது, விவசாயியின் நண்பன், வெளிநாடுகளில் அதைப் பெட்டியில் வைத்து விற்கிறார்கள். ரம்ப ஈ என்று இன்னொன்று உண்டு, அதன் உடம்பில் ரம்பம் போல ஓர் உறுப்பு இருக்கிறது, முள்ளங்கிக்கும் கடுகுக்கும் அதுதான் பகை. இவ்வளவும் அவன் விரல்களுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. எந்தப் பெயர் எந்தப் பூச்சிக்கு என்பதுதான் விட்டுப்போயிருந்தது.

யோசித்தபடியே அவன் மாட்டுக் கொட்டகைக்குள் தலையை விட்டான். விட்டத்தில் விரல் நுழைகிற அளவுக்கு வட்ட வட்டமாக ஓட்டைகள். ஓட்டைக்கு நேர் கீழே தரையில் பொடிப்பொடியாக மரத்தூள். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கறுப்பு வண்டு ஓட்டைக்குள் பின்பக்கமாகப் புகுந்தது.

மரத்தூளைக் கண்டதும் பூவரசனுக்கு உடம்பெல்லாம் தெம்பு வந்துவிட்டது. தூள் இருந்தால் ரம்பம் இருந்தாக வேண்டும். புழு கறுப்பு, வண்டும் கறுப்பு. பிள்ளை தாயைக் கொண்டிருக்கிறது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? ஆரஞ்சில் பாதி மஞ்சள்தானே, அப்படியானால் அந்தச் சாதுதான் பம்பிள் பீ.

"கறுப்புதான் மாமா எதிரி. ரம்ப ஈ. ஆரஞ்சு இருக்குதே, அது பம்பிள் பீ. வெளிநாட்டுக்காரன் பெட்டியில வெச்சு விக்கறது. அது நமக்குத் தன்னால வந்திருக்குது. அதுக்கு ஒரு குறையும் வரக் கூடாது" என்றான்.

மாதையன் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு பெரியண்ணனைப் பார்த்தார். பெரியண்ணன் மாதையனைப் பார்த்தார்.

"இது வண்டுன்னுல்ல நெனச்சிருந்தேன். ஈங்களா? ஆபீசர் சொன்னா செரிதாங்க" என்றார் பெரியண்ணன், பாதி மனசாக.

அன்று ஆடி ஒன்று. ஊரெல்லாம் தேங்காய் சுடுகிற நாள். தேங்காயின் கண்ணைத் திறந்து, உள்ளே வெல்லமும் பாசிப்பருப்பும் அவலும் எள்ளும் போட்டு, குச்சியில் செருகித் தெருவில் தீ மூட்டிச் சுடுவார்கள். மாதையன் வீட்டிலும் தேங்காய்க்கு மஞ்சள் பூசி வைத்திருந்தார்கள். தெருவில் சுடுவதற்குப் பதிலாகக் கொட்டகைக்குள் சுட்டால் புகைக்குக் கறுப்புப் பூச்சியெல்லாம் ஓடிவிடும் என்று பூவரசன் ஒரு யோசனை சொன்னான். சொன்ன பிறகுதான் அது அவ்வளவு நல்ல யோசனை இல்லையோ என்று தோன்றிற்று. அதற்குள் தீர்த்தம்மாள் தேங்காய்க் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு தோட்டத்துக்கு வந்துவிட்டார்.

புகை நன்றாகத்தான் எழுந்தது. முதலில் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. பெரியண்ணன் அதன் பின்னாலேயே ஓடினார். பிறகு விட்டத்திலிருந்து வண்டுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்து, யாரையும் கொட்டாமல், எல்லார் முகத்துக்கும் நேராக வந்து நின்று உறுமின. மாதையன் தன் வழக்கப்படி கையைத் தூக்கி விட்டத்தைப் பிடித்திருந்தார். அவர் பிடித்த இடத்தில் ஓர் ஓட்டை இருந்தது. அதற்குள்ளிருந்த வண்டு மட்டும் பொறுமை இழந்துவிட்டது.

வீங்கிய கையோடு மாதையன் அன்று சாப்பாட்டை இடது கையால் சாப்பிட்டார். "ஒண்ணும் வலியில்லீங்க மாப்ள" என்று கண்ணில் நீர் வழியச் சொன்னார்.

இரவல் ஏணி ஒன்று கொண்டுவரச் செய்து ஓட்டைகளையெல்லாம் களிமண்ணால் அடைக்கச் சொன்னான் பூவரசன். பெரியண்ணன் ஏறி அடைத்தார். கறுப்பு வண்டுகள் ஒருநாள் பகல் முழுக்கக் கொட்டகையைச் சுற்றிவிட்டு, வேறு பிழைப்பைப் பார்க்கப் போய்விட்டன. அதற்கு மறுநாளிலிருந்து பரங்கிக் கொடியில் பிஞ்சுகள் வெம்பி விழத் தொடங்கின.

பிஞ்சு விழுந்ததைப் பார்த்ததும் பூவரசன் குழம்பினான். எதிரி போன பிறகு தோட்டம் செழிக்க வேண்டுமே. அப்புறம் தானே ஒரு காரணம் கண்டுபிடித்தான். நண்பனுக்கு இன்னும் தெம்பு வரவில்லை. பம்பிள் பீக்கு நல்ல சாப்பாடு கொடுத்தால் அது எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும்.

"கொட்டாங்குச்சியில வெல்லத் தண்ணி ஊத்தி, முள்ளங்கிப் பாத்தி ஓரமா வெக்கச் சொல்லுங்க மாமா."

தேங்காய் சுட்ட வீட்டில் கொட்டாங்குச்சிக்கு என்ன பஞ்சம். பாத்திக்குப் பாத்தி வெல்லத் தண்ணீர் வைத்தார்கள். ஆரஞ்சு ஈக்கள் குடும்பத்தோடு வந்து குடித்தன. எறும்பு வந்தது. வீட்டு ஈ வந்தது. பக்கத்துக் காட்டிலிருந்த ஆரஞ்சு ஈக்களும் செய்தி கேள்விப்பட்டது போல வந்து சேர்ந்தன. குடித்துத் தெம்பான பிறகு அவை முள்ளங்கி இலையின் ஓரத்தில் வரிசையாக உட்கார்ந்து வாலை வளைத்து ஏதோ செய்தன.

"ஓய்வு எடுக்குது" என்றான் பூவரசன்.

சுகுணா மட்டும் அவனைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அந்தத் தோட்டத்துக்கு மட்டும் இனிமே ஒண்ணும் சொல்லாதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"உங்கப்பாவே சும்மா இருக்காரு. உனக்கென்ன?"

"அவரு சும்மா இருக்கறதப் பாத்துத்தான் எனக்குப் பயமா இருக்குது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பூவரசனுக்கும் அதுதான் விளங்கவில்லை. இலை ஓட்டையாகிறது, கை வீங்குகிறது, மாடு ஓடுகிறது, ஆனால் மாமனார் முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. எதைச் சொன்னாலும் செரிங்க மாப்ள, செய்யலாங்க மாப்ள. அழுகிற முகமாக இருந்ததெல்லாம் பெரியண்ணன்தான். பாத்தி பாத்தியாகப் போய்க் குந்தி உட்கார்ந்து, கடித்த இலையைக் கையில் வைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டார். ஒருமுறை அவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டதைக் கூடப் பூவரசன் பார்த்தான்.

"இப்பிடி ஒரு ஆள் கிடைக்கறது கஷ்டம் மாமா. சம்பளத்தக் கொஞ்சம் கூட்டிக் குடுங்க" என்று அன்றைக்குச் சாப்பிடும்போது மாமனாரிடம் சிபாரிசு செய்தான். மாதையனுக்குப் புரை ஏறிவிட்டது. தீர்த்தம்மாள் கதவுக்குப் பின்னால் வெகுநேரம் இருமினார்.

புழு குறையவில்லை. பெருகியது. அடுத்ததாக மஞ்சள் தண்ணீர் தெளிக்கலாம் என்று பூவரசன் சொன்னான். இதை அவன் எந்த அறிக்கையிலும் அடிக்கவில்லை. மஞ்சள் நல்லது என்று பொதுவாகக் கேள்விப்பட்டிருந்தான். தீர்த்தம்மாள் ஒரு குடம் நிறைய மஞ்சள் கரைத்துக் கொடுத்தார். பெரியண்ணன் வேப்பங்கொத்தில் நனைத்து முதல் பாத்தியில் தெளித்தார்.

நடந்ததை யாராலும் நம்ப முடியவில்லை. தண்ணீர் பட்ட மாத்திரத்தில் புழுக்களெல்லாம் உடம்பைச் சுருட்டிக்கொண்டு பொத்துப் பொத்தென்று தரையில் விழுந்தன. ஒன்றும் அசையவில்லை. பாத்தி முழுக்கக் கறுப்பு மிளகு கொட்டிவைத்தது போலக் கிடந்தது.

பெரியண்ணன் குடத்தைக் கீழே வைத்துவிட்டுப் பூவரசனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். மாதையன் வரப்பில் போகிற வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். மாப்பிள்ளை, அக்ரி ஆபீசர், மஞ்சளிலேயே கொன்றுவிட்டார் என்று ஊருக்குள் பேச்சாகிவிட்டது. பூவரசனுக்கே தான் ஒருவேளை ஆபீசர்தானோ என்று ஒரு நிமிஷம் சந்தேகம் வந்தது. எல்லாப் பாத்திக்கும் தெளித்து முடித்துவிட்டு, வடை பாயசத்தோடு சாப்பிட்டுப் படுத்து, நிம்மதியாகத் தூங்கினான்.

சாயங்காலம் தோட்டத்துக்குப் போனபோது தரையில் ஒரு புழுகூட இல்லை. எல்லாம் எழுந்து செடியில் ஏறி, விட்ட இடத்திலிருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தன. தொட்டால் செத்த மாதிரி விழுவதும், ஆள் போன பிறகு எழுந்துகொள்வதும் அவற்றின் குணம் என்று அவர்கள் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. வெறும் வயிற்றோடு விழுந்து கிடந்ததாலோ என்னவோ, முன்னைவிட வேகமாகச் சாப்பிட்டன. மறுநாள் விடிந்தபோது முள்ளங்கி இலைகளில் நரம்புதான் மிச்சம் இருந்தது.

அன்று பூவரசனுக்குக் காபி இறங்கவில்லை. ஊர் திரும்புகிற நாள் வேறு நெருங்கிவிட்டது. மாமனாரின் வெள்ளாமையை அழித்த மாப்பிள்ளை என்ற பெயரோடு போவதா, ஆபீசர் இல்லாத மாப்பிள்ளை என்ற பெயரோடு போவதா என்பதுதான் கேள்வி. இரண்டும் சேர்ந்தே வரும் என்று அவன் அப்போது நினைக்கவில்லை.

"யாரையாச்சும் விவரம் தெரிஞ்சவங்கள ஒரு வார்த்த கேட்டுடுங்களேன்" என்றாள் சுகுணா.

அவன் பாட்டில்களையும் புழுவையும் படம் எடுத்து, விட்டத்து ஓட்டையையும் மரத்தூளையும் பற்றி இரண்டு வரி எழுதி, அலுவலகத்திலிருக்கும் உதவி வேளாண்மை அலுவலர் காவியாவுக்கு வாட்ஸப்பில் அனுப்பினான். தோட்டத்தில் பம்பு ரூம் படிக்கட்டில் நின்றால்தான் சிக்னல் கிடைக்கும் என்பதால் மத்தியானம் தனியாக அங்கே போய் நின்றான். பதில் குரல் செய்தியாக வந்திருந்தது. அவனுடைய போனில் காதில் வைத்துக் கேட்கிற பாகம் கெட்டுப்போய் மாதக்கணக்காகிவிட்டது. எதைக் கேட்டாலும் ஸ்பீக்கரில்தான் அலறும். சுற்றுமுற்றும் பார்த்தான். யாரும் இல்லை. அழுத்தினான்.

"பூவரசன், அந்த ஆரஞ்சு கலர்ல ஒல்லியா இருக்குதே, அதுதான் ரம்ப ஈ. கறுப்புப் புழு அதோட பிள்ளைங்க. முட்டை வைக்க இலை ஓரத்தத்தான் ரம்பம் மாதிரி அறுக்கும், மரத்தத் தொடாது. கறுப்பா குண்டா இருக்கறது தச்சுத் தேனீ. அது பாவம், பூவுக்குப் பூ போய்க் காய் பிடிக்க வைக்கிற ஜீவன். பம்பிள் பீயும் இதே மாதிரி குண்டாத்தான் இருக்கும், ஆனா அது குளிர் மலைப்பக்கத்துப் பூச்சி, நம்ம ஊர்ல கிடையாது. நீங்க அடிச்ச நோட்டீஸ்ல எல்லாம் போட்டிருக்கே, பாக்கலயா? அப்புறம், திங்கக்கிழமை வரும்போது பிரிண்டருக்கு இங்க் மறக்காம வாங்கிட்டு வாங்க. நீங்க லீவுல போனதிலிருந்து ஒரு விவசாயி பேரும் கம்ப்யூட்டர்ல ஏறல. ஆபீசர் ரெண்டு தடவ திட்டிட்டாரு."

பூவரசன் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரும்பினான். சாப்பாட்டுக் கூடையோடு தீர்த்தம்மாள் நின்றிருந்தார். அவருக்குப் பக்கத்தில் மாதையன். பின்னால் சுகுணா. கொஞ்சம் தள்ளி மண்வெட்டியோடு பெரியண்ணன். நாயும் வந்திருந்தது.

இனி மறைத்துப் பயன் இல்லை என்று தெரிந்ததும் பூவரசனுக்குப் பேச்சு தானாக வந்தது. தான் ஆபீசர் இல்லை என்றும், பேர் அடிக்கிறவன்தான் என்றும், தரகர் சொன்னபோது மறுத்திருக்க வேண்டும் என்றும், வாயில் கேசரி இருந்தது என்றும், பூச்சியைப் பற்றித் தனக்கு ஒரு மண்ணும் தெரியாது என்றும் ஒன்றுவிடாமல் சொன்னான்.

"சுகுணாவ மட்டும் ஆடி முடிஞ்சதும் அனுப்பி வெச்சிடுங்க மாமா. உங்க தோட்டத்த அழிச்சதுக்கு என்ன சொல்றதுன்னே தெரியல."

திட்டு விழும் என்று குனிந்து நின்றான். விழவில்லை. நிமிர்ந்து பார்த்தால் மாதையனும் தீர்த்தம்மாளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முகத்தில் கோபம் இல்லை. தலையில் இருந்த பாரத்தை யாரோ இறக்கிவைத்த மாதிரி இருந்தது.

"அவ்வளவுதானுங்களா மாப்ள?" என்றார் மாதையன்.

"அவ்வளவுதான் மாமா."

"இதுக்குப் போயி ஏன் கலங்கறீங்க. எல்லா வூட்லயும் தரகருங்க கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவாங்க. பொண்ணு உங்க பொண்டாட்டி, நாங்க எதுக்கு நிறுத்தி வெக்கப் போறோம்."

தீர்த்தம்மாள் முதல் தடவையாக அவன் முகத்தைப் பார்த்துப் பேசினார். "சாப்புடுங்க தம்பி. ஆறிப்போகுது."

"முள்ளங்கி பூராவும் போயிடுச்சே மாமா."

"போனா போகுதுங்க. முள்ளங்கிதானே" என்று மாதையன் வீங்கின கையைத் தாராளமாக வீசினார்.

பூவரசனால் தாங்க முடியவில்லை. விதைத்துத் தண்ணீர் பாய்ச்சி வளர்த்த வெள்ளாமை கண்ணெதிரே அழிந்தபோதும் இப்படிப் பேச எவ்வளவு பெரிய மனசு வேண்டும். இந்த மனிதரிடமா இத்தனை நாள் பொய்யோடு உட்கார்ந்து சாப்பிட்டோம் என்று வெட்கம் பிடுங்கித் தின்றது. அப்படியே குனிந்து மாமனாரின் காலைத் தொட்டுக் கும்பிட்டான். மாதையன் கூச்சத்தோடு பின்னால் நகர்ந்தார். சுகுணா ஏனோ தன் கால் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். உதட்டைக் கடித்து அவள் அடக்குவது அழுகையா சிரிப்பா என்று அவனுக்குத் தெரியவில்லை.

அப்போது பெரியண்ணன் மண்வெட்டியைத் தரையில் ஊன்றித் தொண்டையைக் கனைத்தார்.

"மாப்ள ஆபீசரு, பூச்சி பாத்துச் சொல்லுவாருன்னு நீங்க சொன்னதாலதான், அவரு ஊருக்குப் போற வரைக்கும் இத உங்க தோட்டம்னு சொல்லிக்கறதுக்கு ஒத்துக்கிட்டேன் கண்டக்டரே, அவரு ஆபீசர் இல்லன்னு ஆகிப்போச்சு, இனிமே என் தோட்டத்த நானே பாத்துக்கறேனுங்க."